சுண்ணாம்புக் கணக்கு

கால்சியம் மாத்திரை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். சுண்ணாம்புக்கல், கிளிஞ்சல் வகையறா. எலும்பில் இருப்பதை விழுங்கினால் எலும்பு உறுதியாகிவிடும் என்ற இந்த எளிய நம்பிக்கையை, அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 36,282 பெண்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்குத் தினமும் 1000 மில்லிகிராம் கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டியும். மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. சராசரியாக ஏழு வருஷம்.

2006இல் முடிவு வந்தது. இடுப்பெலும்பின் அடர்த்தி ஒரு சதவீதம் போலக் கூடியிருந்தது. முறிவோ, சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. சிறுநீரகக் கல் 17 சதவீதம் அதிகம்!

ஒழுங்காக விழுங்கியவர்களிடம் இடுப்பு முறிவு 29 சதவீதம் குறைவு என்று ஓர் உபகணக்கும் உண்டு. எனக்கு அதில் அரை நம்பிக்கைதான். மாத்திரையை மறக்காதவர் படியில் கைப்பிடியையும் விடமாட்டார், இல்லையா?

அம்மா இன்னமும் ராத்திரி சாப்பிட்டதும் ஒன்று போடுகிறார். டாக்டர் எழுதியது, நான் நிறுத்தச் சொல்லவில்லை. குளியலறையில் கைப்பிடி மாட்ட ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.