திங்கட்கிழமை வியாதி

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு மாமா இருந்தார். தினந்தோறும் காலையில் வாலிபராக வேலைக்குப் போவார். சாயங்காலம் கிழவராகத் திரும்பி வருவார்.

கோயமுத்தூரில் ஒரு பஞ்சாலையில், 'கார்டிங்' பிரிவில் அவருக்கு வேலை. சங்கு ஊதிக் கால் மணி நேரத்துக்கெல்லாம் சைக்கிளில் வந்து இறங்குவார். தலைமயிர் வெள்ளை, புருவம் வெள்ளை, காதோரத்து மயிர்கூட வெள்ளை. "தாத்தா வந்துட்டாரு!" என்று குழந்தைகள் கூவுவோம். அவரும் கூனிக் குறுகி, கைத்தடி ஊன்றுவதுபோல் நாலு எட்டு நடந்து காட்டுவார். தொட்டியிலிருந்து நாலு சொம்பு தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டதும் பழையபடி வாலிபராகி விடுவார்.

திங்கட்கிழமைகளில் மட்டும் இந்த வேடிக்கை கிடையாது. திண்ணையில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார்.

"ஏனுங் மாமா, என்னாச்சு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஒண்ணுமில்லே கண்ணு. ஒரு நா லீவு விட்டா நெஞ்சுக்குப் பழக்கம் விட்டுப் போயிருது. நாளைக்குச் செரியாப் போயிரும்."

செவ்வாய்க்கிழமை உண்மையாகவே சரியாகி விடும். ஆகவே அதை ஒரு வியாதி என்று யாரும் எண்ணவில்லை. மேஸ்திரியின் அபிப்பிராயம் வேறு. "ஞாயித்துக்கிழமை குடிச்சது இன்னும் எறங்கலையா?" என்பாராம். மாமாவோ குடி என்பதையே அறியாதவர். மூச்சுத் திணறலைவிட அந்தக் கேள்விதான் அவரை அதிகமாக வருத்தியது என்று அத்தை சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பல வருஷங்களுக்குப் பிறகு, ஒரு கதைக்காகப் பஞ்சாலைகளைப் பற்றிய புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் மாமாவின் திங்கட்கிழமை அங்கே அச்சில் இருப்பதைக் கண்டு திடுக்கிட்டேன்.

கதை பழையது. 1700-ஆம் ஆண்டில் இத்தாலியில் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்ற வைத்தியர், தொழிலாளர்களின் வியாதிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சணலையும் ஆளியையும் சிக்கெடுக்கிறவர்கள் அந்தத் தூசியால் இருமி இருமி நாளடைவில் மூச்சுக்குத் திண்டாடுவதை அதில் குறித்திருக்கிறார். வைத்தியர்களுக்கு அவர் ஒரு யோசனையும் சொன்னார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு 'நீ என்ன தொழில் செய்கிறாய்?' என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்பதே அது.

இந்த வியாதிக்குப் பெயர் வைத்தவர் பிரெஞ்சு வைத்தியர் அட்ரியன் புரூஸ்த். ஆண்டு 1877. ஆயுள் முழுவதும் ஆஸ்துமாவால் அவதிப்பட்டுக்கொண்டே ஒரு மகத்தான நாவலை எழுதிய மார்சேல் புரூஸ்தின் தகப்பனார்தான் அவர். அவர் வைத்த பெயர் 'பைசினோசிஸ்'. மெல்லிய ஆடையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது.

நம் தமிழிலும் இப்படி ஒரு பொருத்தம் இருக்கிறது. பழைய நூல்களில் 'தூசு' என்றால் ஆடை. இன்றைக்கு நாம் தூசு என்றால் தும்மல் வருகிறது. இரண்டும் ஒரே இடத்தில் உற்பத்தியாகின்றன என்பது நம் முன்னோர்களுக்குத் தெரியாததல்ல. இரவில் சிறு விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு, பஞ்சிலிருந்து செத்தையைப் புடைத்தெடுக்க எழுந்த ஒரு பருத்திப் பெண்ணைப் புறநானூற்றில் பார்க்கிறோம். ஆனால் அவளுடைய தூசி ஒரு முற்றத்துத் தூசி. காற்று அதைக் கொண்டு போய்விடும்.

அதே தூசியைச் சுவர் எழுப்பிக் கூரை போட்டு அடைத்து வைத்தது யந்திர யுகம். கோயமுத்தூரில் ராபர்ட் ஸ்டேன்ஸ் முதல் நூற்பாலையைத் தொடங்கியது 1888-ல். கரிசல் காட்டில் பருத்தி இருந்தது. 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்வீழ்ச்சியின் மின்சாரமும் வந்து சேர்ந்தது. அதன் பிறகு ஊரைச் சுற்றிலும் புகைபோக்கிகளும் சங்குகளும் பெருகின. கிணறு வற்றிய குடியானவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. எங்கள் தெரு சோறு தின்றதே பஞ்சினால்தான். அதை மறந்து ஆலைகளைத் திட்டுவது நன்றிகெட்ட காரியம்.

ஆனால் கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. பஞ்சுப் பொதியைப் பிரித்து உதறும் இடமும், பஞ்சைச் சீவும் கார்டிங் பிரிவும்தான் ஆலையிலே மிகுந்த தூசி பறக்கும் இடங்கள். மாமாவின் புருவத்தில் ஒட்டிய வெள்ளைப் பஞ்சு அவரை ஒன்றும் செய்யவில்லை. அது பெரிது, மூக்கிலேயே நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தூசிதான் நுரையீரல் வரை போகிறது. பருத்திச் செடியின் இலைச் சருகுத் தூளும், அதில் வாழும் பாக்டீரியாக்களின் நச்சுப் பொருளும் அதில் கலந்திருக்கின்றன. ஒரு நாள் ஓய்வுக்குப் பிறகு அந்தக் காற்றை மறுபடி சுவாசிக்கும்போது நெஞ்சு இறுகுகிறது. அடுத்த நாள் சற்றே இளகுகிறது. 1950-களில் இங்கிலாந்தில் ரிச்சர்டு ஷில்லிங் என்ற டாக்டர் இதைப் படிப்படியாக வகுத்துக் காட்டினார். முதலில் எப்போதாவது ஒரு திங்கட்கிழமை. பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும். அப்புறம் செவ்வாய், புதன். கடைசியில் வாரத்தில் நல்ல நாளே இல்லாமல் போய்விடும்.

வெல்லம் தின்றால் பஞ்சுத் தூசி இறங்கிவிடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. மாமாவின் சட்டைப் பையிலும் எப்போதும் ஓர் அச்சு இருக்கும். பாவம், வெல்லம் இரைப்பைக்குப் போகிற வழி வேறு, தூசி போகிற வழி வேறு.

பரிகாரம் இல்லாமல் இல்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், வேலைத் தலத்துக் குப்பையைத் தினமும் அகற்ற வேண்டும், வாரம் ஒரு முறையாவது தரையைக் கழுவ வேண்டும், சுண்ணாம்பு அடித்த சுவருக்கு 14 மாதத்துக்கு ஒரு முறை மறுபடி அடிக்க வேண்டும் என்று ஒரு கண்டிப்பான மாமியாரைப்போல் விதித்தது. அதோடு நிற்காமல், தூசி பிறக்கிற இடத்திலேயே அதை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும் என்றும் சொன்னது. முக்கியமான விஷயம் இதுதான். உலர்ந்த துடைப்பத்தால் வீசிப் பெருக்கினால் தூசி இடம் மாறுமே தவிர ஒழியாது. தரையில் கிடந்தது நெஞ்சுக்கு ஏறும். அமெரிக்காவில் 1978-ல் நூற்பாலைக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராமுக்கு மேல் பஞ்சுத் தூசி இருக்கக் கூடாது என்று விதி செய்தார்கள். செலவு தாங்காது என்று முதலாளிகள் வழக்காடினார்கள். 1981-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் சுவாசத்தை லாப நஷ்டத் தராசில் நிறுத்துப் பார்த்துத்தான் விதி செய்ய வேண்டும் என்பதில்லை என்று தீர்ப்புச் சொல்லி விதியை நிலைநாட்டியது. ஆலைகள் மூடிவிடவில்லை, வியாதிதான் வெகுவாகக் குறைந்தது.

நம் ஊரிலும் உறிஞ்சு குழாய்கள் வந்திருக்கின்றன. ஆயினும் கழிவுப் பஞ்சை அரைக்கும் சிறு ஆலைகள் கொங்கு நாட்டில் இன்றும் அநேகம். எல்லாவற்றிலும் குழாய் இருக்கிறது என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.

மாமா ஐம்பது வயதுக்குள் நிஜமாகவே கிழவராகிவிட்டார். நாலு சொம்பு தண்ணீரால் இறக்கக்கூடிய முதுமையாக அது இல்லை. ஒரு வைத்தியர் காசம் என்றார். இன்னொருவர் பீடி என்றார். அவருக்குப் பீடிப் பழக்கம் கிடையாது. 'என்ன தொழில்?' என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

அத்தை விடியற்காலையில் வாசல் கூட்டுவது நினைவுக்கு வருகிறது. முதலில் ஒரு குடம் தண்ணீரை அள்ளி அள்ளித் தெளிப்பாள். மண் நனைந்து அடங்கின பிறகுதான் துடைப்பத்தை எடுப்பாள். "தெளிக்காமக் கூட்டுனா மாமனுக்கு இருமல் வந்துரும் கண்ணு" என்பாள்.

அவள் எந்தச் சட்டத்தையும் படித்தவளல்ல. ஒரு வாசலுக்கு அவள் எடுத்துக்கொண்ட கவலையை, ஓர் ஆலை அவள் புருஷனுக்காக எடுத்துக்கொண்டிருக்கலாம்.