தாகத்தை அடக்கிப் பழகலாமா?

வெயிலில் உழைக்கும்போது தாகத்தை அடக்கிப் பழகினால், நாளடைவில் உடல் குறைந்த நீரிலேயே வேலை செய்யக் கற்றுக்கொள்ளும் என்று யாரேனும் சொல்ல நீங்கள் கேட்டிருக்கலாம். ஒரு காலத்தில் படை அதிகாரிகளும் விளையாட்டுப் பயிற்சியாளர்களுமே இதை நம்பினார்கள். இந்த நம்பிக்கையைத் தராசில் நிறுத்துப் பார்த்தவர் எட்வர்டு அடால்ஃப். அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்து உடலியல் அறிஞர் அவர்.

இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவுக்குச் செல்லவிருந்த அமெரிக்க வீரர்களுக்காக 1942-ல் கலிபோர்னியாவின் பாலைவனத்தில் பயிற்சி முகாம் அமைக்கப்பட்டது. பாலைவனப் படைக்குத் தண்ணீர் பெருஞ்சுமை. வீரர்கள் அதைக் குறைத்துக்கொள்ளப் பழகிவிட்டால் எவ்வளவு வசதி! அடால்ஃபும் அவருடைய குழுவினரும் அந்தப் பாலைவனத்திற்கே சென்று ஆராய்ந்தார்கள்.

முறை மிக எளியது. நடக்கும் முன்பும் பின்பும் வீரனின் எடையைப் பார்த்தார்கள். குடித்த நீரையும் கழித்த சிறுநீரையும் கணக்கில் சேர்த்தார்கள். மீதிக் குறைவு பெரும்பாலும் வியர்வைதானே? கடும் வெயிலில் நடப்பவனுக்கு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்த்தது.

இது வீண் செலவன்று. தசைகள் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளிப்படுகிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலின்மேல் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். காற்று உடலைவிடச் சூடாக இருக்கும்போது நமக்குள்ள வழி இது ஒன்றே.

தண்ணீர் கொடுக்காமல் நடக்கவிட்டபோதும் வியர்வை பெரிதாகக் குறையவில்லை. இரத்தத்திலுள்ள நீர்தான் குறைந்தது. நாடித்துடிப்பும் உடல் வெப்பநிலையும் ஏறின. கடைசியில் வீரர்கள் நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார்கள். தண்ணீர் குடித்ததும் விரைவில் தேறினார்கள். எத்தனை நாள் பழகினாலும் இந்தத் தேவை குறையவில்லை. இன்னொரு வியப்பு: வேண்டிய மட்டும் தண்ணீர் கொடுத்தாலும், இழந்த அளவுக்கு அவர்கள் குடிக்கவில்லை! உணவு வேளையில்தான் குறையை ஈடுசெய்தார்கள். தாகம் அவ்வளவு மந்தமான காவலாளி.

அப்படியானால் உடல் வெப்பத்திற்குப் பழகுவதே இல்லையா? பழகுகிறது. ஹூவர் அணை கட்டப்பட்ட இடத்தில் 1931 கோடையில் வெப்பத்தால் தொழிலாளர் பலர் இறந்தனர். மறு ஆண்டு அங்கே சென்ற ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழுவினர், வெப்பத்திற்குப் பழகியவர்களின் வியர்வையில் உப்புக் குறைவதைக் கண்டார்கள். பழகிய உடலுக்கு விரைவாகவும் அதிகமாகவும் வியர்க்கும் என்பதும் பின்னர் தெளிவாயிற்று. அதாவது, பழகியவனுக்கு வேண்டிய தண்ணீர் கூடுமே தவிரக் குறையாது.

அடால்ஃப் குழுவின் நூல் 1947-ல் வெளிவந்தது. ஆயினும் விளையாட்டுத் திடல்களில் பயிற்சியின்போது தண்ணீர் மறுக்கும் வழக்கம் உடனே மறைந்துவிடவில்லை. 1965-ல் புளோரிடா பல்கலைக்கழகத்தில், ஆட்டத்தின்போது வீரர்களுக்குச் சிறுநீரே கழிவதில்லையே, ஏன் என்று ஒரு துணைப் பயிற்சியாளர் கேட்டார். அதற்கு விடை தேடிய மருத்துவர் இராபர்ட் கேட் குழுவினர், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வீரர்களுக்குக் கொடுத்தார்கள். (அளவு மீறி வெறும் நீரைக் குடித்தால் இரத்தத்தில் உப்புச் செறிவு ஆபத்தான அளவுக்குக் குறையும் என்பதையும் மறக்கலாகாது.)

2001-ல் கோரி ஸ்டிரிங்கர் என்ற புகழ்பெற்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் பயிற்சியின்போது வெப்பத்தாக்கால் இறந்தார். அவர் பெயரால் 2010-ல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்ட ஆய்வு நிலையம், கோடைப் பயிற்சியை நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டும்படியும், வெப்பத்தாக்கால் மயங்கி விழுந்தவரை உடனே குளிர்ந்த நீர்த் தொட்டியில் அமிழ்த்தும்படியும் பயிற்சியாளர்களுக்குக் கற்றுத்தருகிறது.