லிச் என்னும் சொல்லும் கல்லறை வாயிலும்

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டுஷயர் வட்டாரத்திலுள்ள லிச்ஃபீல்டு நகரின் பெயருக்குப் ‘பிணவயல்’ என்று பொருள் கூறும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. உரோமப் பேரரசன் டயோக்ளீஷியன் காலத்தில் ஆயிரம் கிறித்தவர்கள் அங்கே வெட்டி வீழ்த்தப்பட்டனர் என்னும் கதையே இதற்கு அடிப்படை. சிதறிக் கிடக்கும் உடல்கள் நகர முத்திரையிலும் ஏறிவிட்டமையால் கதை வரலாறு போலவே நடமாடத் தொடங்கிற்று. அதற்குப் புலமையின் ஒப்பமும் இட்டவர் சாமுவேல் ஜான்சன். 1709இல் அந்நகரிலேயே பிறந்த அவர், 1755இல் வெளியிட்ட அகராதியில் ‘லிச்’ என்பதற்குப் பிணம் என்று பொருள் எழுதி, அதன் கீழேயே தம் ஊரையும் சேர்த்து, அதைத் தாயாகப் போற்றி இலத்தீனில் ஒரு வாழ்த்தும் கூறிவைத்தார். ஊர்ப்பற்று போற்றத்தக்கதே, ஆனால் அது சொற்பிறப்புக்குச் சான்றாகாது.

731இல் தம் திருச்சபை வரலாற்றை முடித்த துறவி பீட் இவ்வூரை ‘லிக்கிட்ஃபெல்த்’ என்றே எழுதுகிறார். பிணத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல் ஓரசைச் சொல். அதனோடு வெளிநிலத்தைக் குறிக்கும் ‘ஃபெல்டு’ சேர்ந்திருந்தால் நடுவில் ‘கிட்’ என்னும் அசை நுழைய வழியில்லை. அந்த அசைக்கு விடை நகருக்குத் தெற்கே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில், இன்று வால் எனப்படும் சிற்றூரில் கிடக்கிறது. உரோமர் காலத்தில் அவ்விடத்தின் பெயர் லெட்டோசேட்டம். வெல்ஷ் மொழியில் சாம்பல் நிறத்தைக் குறிக்கும் ‘லுய்ட்’, காட்டைக் குறிக்கும் ‘கோய்ட்’ ஆகிய சொற்களின் முன்னோர் இதில் அடங்கியுள்ளனர். சாம்பல் நிறக் காடு என்பதே பொருள். பின்வந்த ஆங்கிலேயர் அப்பெயரைத் தம் நாவுக்கேற்பத் திரித்து, அருகிலிருந்த வெளிநிலத்தோடு ஒட்டினர். ஆகவே ஊர்ப்பெயரில் காடு உண்டு, வெளி உண்டு, பிணம் இல்லை.

இதனால் ‘லிச்’ என்பதற்குப் பிணம் என்னும் பொருளே இல்லை என்று கொள்வதும் தவறாகும். அப்பொருள் உறுதியாக உயிர்த்திருக்கும் இடம் ‘லிச்கேட்’, அதாவது இங்கிலாந்துச் சிற்றூர்ப் பங்குகளில் தேவாலயத்தைச் சுற்றியுள்ள கல்லறைத் தோட்டத்திற்குள் நுழையும் கூரை வேய்ந்த வாயில். கனமான மரத்தூண்கள், அவற்றின்மேல் இருபுறமும் சரிந்த கூரை, உள்ளே பக்கவாட்டில் திண்ணைகள், சில இடங்களில் நடுவே சவப்பெட்டியை இறக்கிவைக்க ஒரு கல் என்பது அதன் அமைப்பு. சுமந்து வந்தவர்கள் குரு வரும்வரை மழைக்கு ஒதுங்கி நிற்கும் இடம் அது. தென்கிழக்கு லண்டனிலுள்ள பெக்கன்ஹாம் புனித ஜார்ஜ் ஆலயத்தின் வாயில் 13ஆம் நூற்றாண்டினது என்றும், நாட்டிலேயே பழையது என்றும் கூறுவர். வாரிக்ஷயரின் லாங் காம்ப்டனில் ஒரு சிறு வீட்டின் கீழ்த்தளத்தை நீக்கி, மேல்தளத்தை அப்படியே வாயிலின் தலைமேல் நிறுத்தியுள்ளனர். இவ்வகைக் கட்டடங்களில் அதுவே மிகவும் விசித்திரமானது.

‘லிச்’ என்னும் சொல்லின் முதற்பொருள் பிணம் அன்று, உடல். தமிழர் இழவு வீட்டில் ‘உடலை எடுத்தாயிற்றா’ என்று கேட்கும்போது உடல் என்ற சொல் பிணத்தைக் குறிப்பது போன்றதே இந்த மாற்றம். ஜெர்மனில் ‘லைஹெ’, டச்சில் ‘லைக்’ ஆகியன இன்று பிணத்தை உணர்த்த, ஆங்கிலத்திலோ உயிருள்ள உடலின் பொருள் வேறு வழியில் தப்பிப் பிழைத்தது. ‘போன்ற’ என்னும் பொருளில் அன்றாடம் வழங்கும் ‘லைக்’ என்னும் சொல் ஒத்த உடலுடையது என்பதிலிருந்து வந்தது. ‘ஃபிரண்ட்லி’ என்பதன் ஈற்றில் நிற்கும் ‘லி’யும் அதே வேரே. வட இங்கிலாந்தார் இறந்தவர் அருகே இரவு விழித்திருப்பதை ‘லைக்வேக்’ என்றனர்.

தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் ‘லிச் வே’ என்ற பாதை உள்ளது. அம்மேட்டின் பெரும்பகுதி லிட்ஃபோர்டு பங்கைச் சேர்ந்ததாயிருந்தமையால், தொலைவிலிருந்த குடியிருப்பினரும் பிணத்தை இப்பாதை வழியே லிட்ஃபோர்டு வரை சுமக்க வேண்டியிருந்தது. 1260இல் ஆயர் பிரான்ஸ்கோம் சிலருக்கு அண்மையிலுள்ள விடிகோம் ஆலயத்தைப் பயன்படுத்த இசைவு தந்தார்.

டார்ட்மூர் அடங்கிய டெவன் வட்டாரத்தில் ஆலயத்தையொட்டியே மதுவகமும் நிற்பது பெருவழக்கு; லிச்ஃபீல்டு போன்ற சொல் மயக்கங்கள் இங்கும் உண்டு. ‘சர்ச் ஹவுஸ் இன்’ என்ற பெயர் தாங்கிய பப்கள் பல, பங்கு மக்கள் ‘ஏல்’ என்னும் பார்லி மதுவைக் காய்ச்சி விற்று ஆலயத்துக்குப் பணம் திரட்டிய பழைய பங்கு மனைகளாகும்; அவ்விழாவுக்கே ‘சர்ச் ஏல்’ என்று பெயர். மணமகளின் ‘ஏல்’ விருந்தே ‘பிரைடல்’ ஆயிற்று என்பதை அறியாதோர் அதன் ஈற்றிலுள்ள ‘அல்’ என்பதை வெறும் பெயரடை விகுதி என மயங்குவர். பப் பெயர்களிலோ மயக்கத்திற்கு எல்லையில்லை. ‘கோட் அண்ட் காம்பசஸ்’, அதாவது ஆடும் கவராயமும், ‘காட் என்கம்பஸெத் அஸ்’ என்னும் இறைமொழியின் சிதைவு என்பர். ஒலி ஒப்புமையைத் தவிர வேறு ஆதாரம் காட்டியவர் இல்லை.

‘லிச்கேட்’ என்பது குருமாரின் சொல்லா என்பது எஞ்சும் கேள்வி. 1549ஆம் ஆண்டின் பொது வழிபாட்டு நூல் குரு பிணத்தை எதிர்கொள்ளும் இடத்தை ஆலய வேலிப்படி என்கிறது; 1662ஆம் ஆண்டின் திருத்தம் கல்லறைத் தோட்டத்தின் நுழைவு என்கிறது. இரண்டிலும் ‘லிச்’ இல்லை. வழிபாட்டு நூல் கையாளாத சொல்லைத் தோளில் பாடை தாங்கியவர்களும் வாயிலைச் செதுக்கிய தச்சர்களுமே காத்தனர் என்று கொள்வதே முறை. 19ஆம் நூற்றாண்டில் பழமை விரும்பிய கட்டடக் கலைஞர்கள் புதிதாக வாயில்கள் எழுப்பியபோது எடுத்தாண்டதும், முதல் உலகப்போருக்குப் பின் நினைவுச் சின்னங்களாக எழுந்த வாயில்களுக்கு வழங்கியதும் அந்த நாட்டுப்புறச் சொல்லே.