வெளியே போன மனுக்கள்

தோழர்களே, 2021 டிசம்பர் 17 இரவு, ஸ்ரீபெரும்புதூர் அருகே சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் பெண் தொழிலாளர்கள் உட்கார்ந்தார்கள். ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்தவர்கள். விடுதிச் சாப்பாடு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அந்த மாத இறுதியில் ஆப்பிள் நிறுவனம் வாய் திறந்தது. தங்குமிடங்கள், உணவுக்கூடங்கள் சில தன் விதிகளின்படி இல்லை என்று சொல்லி, ஆலையைக் கண்காணிப்புக் காலத்தில் வைத்தது.

இப்படி நடக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது: நம் நாட்டுப் பிரச்சினையை வெளியார் முன் வைக்கலாமா?

இதற்கு இந்த மண்ணிலேயே பதில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அதே மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, அதிகாரம் முழுக்கச் சாதி இந்துக்களின் கைக்குப் போய்விடும் என்று எதிர்த்தார். 1893இல் 3,412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீள மனு லண்டனுக்குப் போனது. உள்ளே கேட்க ஆளில்லாதபோது நம் முன்னோர் வெளியே மனு அனுப்பினார்கள்.

1946இல் தென்னாப்பிரிக்கா அங்குள்ள இந்தியர்களை நடத்தும் விதம் பற்றி ஐ.நா.வில் புகார் கொடுத்தது இந்தியா. தென்னாப்பிரிக்கா அதை உள்நாட்டு விவகாரம் என்றது, இந்தியா ஏற்கவில்லை. அதே ஆண்டு அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் படியைக் கேட்டார். பட்டியல் சாதியினரின் நிலை குறித்து ஐ.நா.வுக்கு அளிக்க அறிக்கையும் தயாரித்தார். அரசியல் நிர்ணய சபைக்கும் வரப்போகும் நாடாளுமன்றத்துக்கும் வாய்ப்பளிப்போம் என்று அதைச் சமர்ப்பிக்காமல் வைத்திருந்ததை, 1951இல் அமைச்சர் பதவியிலிருந்து விலகியபோது அவரே சொன்னார்.

1965இல் இனப் பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கை உருவானபோது, ‘வம்சாவளி’ என்ற சொல்லை அதில் சேர்க்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தது இந்தியாவே. அந்தச் சொல்லில் சாதியும் அடங்கும் என்று 1996இல் ஐ.நா. குழு சொன்னபோது இந்தியா மறுத்தது. 2001 டர்பன் மாநாட்டிலும் சாதி இனமல்ல என்று வாதாடியது. அடுத்த நாட்டுக்கு மறுத்த சாக்கைத் தனக்கு வைத்துக்கொண்டது.

இந்தத் தொழிற்பேட்டைக்குத் திரும்புவோம். மணமான பெண்களை ஃபாக்ஸ்கான் ஆலையின் ஐபோன் வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் பாகுபாட்டை மறுத்தது. தேசிய மனித உரிமை ஆணையம் ஒன்றிய, மாநில அரசுகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கி சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தைப் பதிவு செய்யவே 2025 ஜனவரி ஆயிற்று. 1919 முதல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் உறுப்பினரான இந்தியா, சங்கம் அமைக்கும் உரிமைக்கான 87, கூட்டுப்பேரத்துக்கான 98 ஆகிய ஒப்பந்தங்களை இன்னும் ஏற்கவில்லை.

வெளிக்கண்காணிப்பை நாம் தெய்வமாக்க வேண்டாம். ஆப்பிள் அசைந்தது பெண்கள் சாலையில் உட்கார்ந்த பிறகுதான். கொள்முதல் செய்கிறவரின் தணிக்கை ஆலைச் சுவருக்குள் தொடங்குகிறது. சுவருக்கு வெளியே வேறொரு கணக்கு இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீரின் அறிக்கையை அடுத்து 1892இல் ஒதுக்கப்பட்டது பஞ்சமி நிலம். அதைக் கேட்டுப் போராடி, 1994இல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டவர்கள் காரணை ஜான் தாமஸும் ஏழுமலையும். இந்தக் கணக்கை எந்தத் தணிக்கையாளரும் கேட்க மாட்டார்.

ஆகவே அதை நாமே எழுத வேண்டும். விடுதி அறையில் எத்தனை பேர், ஒப்பந்தத்தில் எத்தனை பேர், நிரந்தர வேலையில் எந்த ஊர்த் தெருவுக்கு இடம் கிடைத்தது, எதற்குக் கிடைக்கவில்லை என்று தேதியோடு எழுதுங்கள். மாணவத் தோழர்கள் நிலப் பதிவேடுகளைத் தேடிப் படிக்க வேண்டும். 112 அடி மனுவில் கையொப்பமிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்த மனு இன்னும் முடியவில்லை.

ஜெய்பீம்.