தங்கமீன் செட்டையில் செங்கோடுகள்

தங்கமீனின் செட்டையில் செங்கோடுகள் தென்பட்டதும் நாம் மருந்தைத் தேடி விரைகின்றோம். பெரும்பாலும் பழுதுபட்டிருப்பது தொட்டி நீரே. மீனின் கழிவிலும் எஞ்சிய உணவிலும் இருந்து பெருகும் அமோனியா, நைத்திரைற்று என்பன மீனை நலிவுறச் செய்ய, செட்டையின் நுண்குருதிக் குழாய்கள் சிவந்து புடைக்கின்றன.

முதலில் நீரைப் பரிசோதித்தல் வேண்டும்; இவ்விரண்டும் பூச்சியமாக இருத்தல் அவசியம். இல்லையேல் நாள்தோறும் காற்பங்கு நீரை மாற்றி, உணவைக் குறைத்தல் நன்று. குழாய்நீரைக் குளோரின் நீக்கியே ஊற்றுதல் வேண்டும். கல்முனைக் கரையோரத்தின் மணற்பாங்கான நிலத்தில் மலசலகூடக் குழிக்கு அண்மையிலுள்ள கிணற்றினுள் கழிவு கசியக்கூடும்; அந்நீரும் பரிசோதனைக்குரியதே.

நீர் சீரான பின்னரும் சிவப்பு நீடித்தாலோ, புண் தோன்றினாலோ பற்றீரியாத் தொற்று எனக் கருதி, கால்நடை வைத்தியரின் ஆலோசனையுடன் மாத்திரமே நுண்ணுயிர்க்கொல்லியை உபயோகித்தல் வேண்டும். வாயில்லா உயிரைத் தொட்டியில் அடைத்த நமக்கு, அதன் நீரைத் தூய்மையாகப் பேணும் கடமையும் உண்டு.