திரும்பி வந்த நாய்க்கு இரண்டாவது வீடு தேடும்போது

காப்பகத்திலிருந்து ஒரு வீட்டுக்குப் போன நாய், சில நாட்களிலோ சில மாதங்களிலோ மீண்டும் காப்பகத்துக்கே வந்து சேர்வதுண்டு. அதன் பிறகு அந்த நாயைப் பார்க்க வருபவர்கள் முதலில் கேட்பது, ‘இதில் என்ன பிழை?’ என்பதுதான். வடக்கில் நாய்களைப் பராமரிப்பவர்களுடன் பேசியதில் நான் விளங்கிக்கொண்டது வேறு. பெரும்பாலும் பிழை நாயில் இல்லை. அந்த நாய்க்கும் அந்த வீட்டுக்கும் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

இலங்கையில் தெருநாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கை 2006 முதல் இருந்து வருகிறது. கருத்தடையும் விசர்நாய்த் தடுப்பூசியுமே வழி என்றானது. ஆனால் வீடில்லாத நாய்களை ஏற்கும் இடங்கள் மிகச் சில. இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நடத்தும் சரணாலயம் போன்றவற்றை விரல்விட்டு எண்ணலாம். திரும்பி வந்த ஒரு நாய் காப்பகத்திலேயே தங்கிவிட்டால், வீதியில் கிடக்கும் இன்னொரு நாய்க்கு அங்கு இடமில்லாமல் போகிறது.

திருப்பிக் கொடுப்பவரின் மனது

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களும், 2009இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்களும் தங்கள் நாய்களைக் கட்டவிழ்த்து விட்டுவிட்டே வந்தார்கள். கூட்டிவர வழியிருக்கவில்லை. அந்த நினைவு பல வீடுகளில் இன்னும் பேசப்படாமல் கிடக்கிறது. அதனால் ஒரு நாயைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் சனத்துக்கு இலகுவான காரியமல்ல. வெட்கப்பட்டு, காப்பகத்துக்குப் போகாமல் இரவோடிரவாகச் சந்தையடியிலோ கோயில் வீதியிலோ விட்டுவிட்டுப் போவோரும் இருக்கிறார்கள். திருப்பிக் கொண்டுவந்து ஒப்படைப்பவர் அதைவிட நல்ல வேலையைச் செய்கிறார். அவரை ஏசி அனுப்பினால், அந்த நாயைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவரோடேயே போய்விடும்.

முதல் வீட்டிடம் கேட்க வேண்டியவை

அடுத்த வீட்டைத் தேட உதவுவது இந்தத் தகவல்தான். காப்பகக் கூட்டுக்குள் தெரியாத பல குணங்கள் வீட்டுக்குள் தெரிந்திருக்கும்.

- இரவில் எங்கே படுத்தது? தனியே விட்டால் என்ன செய்தது?
- சிறுபிள்ளைகள், கோழி, ஆடு, பூனை, வேறு நாய்களுடன் எப்படி நடந்துகொண்டது?
- வெடிச் சத்தத்துக்கும் இடி முழக்கத்துக்கும் பயப்பட்டதா? வேலி பாய்ந்ததா?
- யாரையாவது கடித்ததா? கடித்திருந்தால் எந்தச் சூழலில்?
- வீட்டில் என்ன மாறியது? வெளிநாட்டுப் பயணமா, வாடகை வீடா, நோயா?

கடைசிக் கேள்வி முக்கியமானது. பிள்ளைகள் வெளிநாடு போய், வயதான தாய் தகப்பன் மட்டும் மிஞ்சிய வீட்டில் பெரிய நாயைச் சமாளிக்க முடியாமல் போவது இங்கு சாதாரணம். அந்த நாயின் குணத்துக்கும் அது திரும்பி வந்ததற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

கடித்த விடயத்தை ஒருபோதும் மறைக்கக்கூடாது. யாராவது கடிபட்டால் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி, அன்றே அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நாயின் தடுப்பூசி அட்டை அதனுடனேயே அடுத்த வீட்டுக்கும் போக வேண்டும்.

வீட்டைத் தெரிவுசெய்தல்

‘பாவம், யாராவது எடுங்கோ’ என்று முகநூலில் போட்டால் நிறையப் பேர் இரங்குவார்கள். இரக்கத்தில் எடுத்த நாய் இரண்டாம் முறையும் திரும்பக்கூடும். ‘கோழி வளர்க்காத, சுற்றுமதில் உள்ள வீட்டுக்குப் பொருத்தம்; பெரியவர்களோடு அமைதியாக இருக்கும்; வெடிக்குப் பயம்’ என்று உள்ளதை எழுதினால் கேட்பவர்கள் குறைவார்கள். ஆனால் கேட்பவர் அந்த நாய்க்கு ஏற்றவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

எங்கள் பிரதேசத்தில் பார்க்க வேண்டியவை வேறும் உண்டு. மீள்குடியேறிய பல வீடுகளுக்கு முட்கம்பி வேலி மட்டுமே இருக்கிறது. கோழியும் ஆடும் பலருக்குப் பிழைப்பு. ஓடித் துரத்தும் நாயை அங்கு கொடுத்தால் அயலுடன் சண்டைதான் வரும். செயற்கைக் கால் அணிந்தவரோ ஊன்றுகோலுடன் நடப்பவரோ இருக்கும் வீட்டில், பாய்ந்து விளையாடும் இளம் நாய் அவரை விழுத்திவிடலாம். அங்கு வயது சென்ற, ஆறுதலான நாய் நல்லது. இரவில் நாய்கள் குரைத்தால் சுற்றிவளைப்பு என்று விழித்த காலம் சிலரின் உடம்பில் இன்னும் இருக்கிறது. வேறு சிலருக்கு வாசலில் நாய் படுத்திருந்தால்தான் நித்திரை வரும். இதை நேரே கேட்பதில் தவறில்லை. கோயிலுக்குப் பக்கத்து வீடென்றால் திருவிழா வெடியையும் யோசிக்க வேண்டும்.

வீட்டில் உள்ள எல்லோரும் ஒருமுறையாவது நாயை நேரில் பார்க்கட்டும். வேண்டாம் என்று சொல்லும் ஒருவர் இருந்தாலும் காத்திருப்பதே நல்லது.

ஒப்படைத்த பிறகு

காப்பகங்கள் பலவற்றில் ஒரு கணக்குச் சொல்வார்கள்: பதற்றம் தணிய 3 நாள், வீட்டு நடைமுறை பழக 3 கிழமை, இது என் வீடு என்று நம்ப 3 மாதம். இது சட்டமல்ல. ஏற்கெனவே ஒரு வீட்டை இழந்த நாய்க்கு இன்னும் கூடப் பிடிக்கலாம். முதல் நாட்களில் சாப்பிடாமல் இருப்பதும், கட்டிலுக்குக் கீழே ஒளிப்பதும், படலையையே பார்த்துக்கொண்டிருப்பதும் வழமை. ஒரே நேரத்தில் சாப்பாடு, ஒரே இடத்தில் படுக்கை, வந்துபோகும் விருந்தினரைக் குறைத்தல் ஆகியவை உதவும். ஒரு நாளாகத் தண்ணீரும் குடிக்கவில்லை என்றால் மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

கொடுத்தவர் 3ஆம் நாளும், 3ஆம் கிழமையும், 3ஆம் மாதமும் தொலைபேசியில் விசாரிப்பது நல்லது. சின்னப் பிரச்சினைகள் பல அந்த அழைப்பிலேயே தீர்ந்துவிடும். ஒப்படைக்கும் நாளிலேயே ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: சரிவராவிட்டால் வீதியில் விடவேண்டாம், எங்களிடமே கொண்டுவாருங்கள், ஒருவரும் ஏசமாட்டோம்.