மூன்று அரை மணி நேரம்

ஜனவரிக் குளிர். சாயங்காலம் ஐந்து மணி. இங்கிலாந்தில் ஓர் உருக்காலை. கையில் ஆர்டர் இருக்கிறது. ஷிப்டுக்கு ஆள் வந்தாகிவிட்டது. கரண்ட்டும் இருக்கிறது. ஆனாலும் பழைய இரும்பை உருக்கும் அந்த ராட்சச மின் உலையை அணைத்துவிட்டு எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்டிரைக்கா? இல்லை. பயம்!

அந்த அரை மணி நேரம் உலை ஓடினால் வருஷக் கட்டணத்தில் லட்சக்கணக்கான பவுண்ட் ஏறிவிடலாம். ஏறாமலும் போகலாம். எது நடந்தது என்பது மார்ச் மாதம்தான் தெரியும். சில வருஷங்கள் முன்புவரை, பிரிட்டனின் பெரிய ஆலைகளுக்கு ஒவ்வொரு குளிர்காலமும் இப்படித்தான் கழிந்தது.

இந்த விநோதத்துக்கு விதை போட்டவர் ஒரு புரொபசர். பெயர், ஜான் ஹாப்கின்சன். மான்செஸ்டர்காரர், கணிதப்புலி. 1892-ம் வருஷம் இளம் இன்ஜினீயர்கள் சபையில் தலைமையுரை ஆற்றினார். மின்சாரம் சப்ளை செய்ய ஆகும் செலவு என்ன? இதுதான் சப்ஜெக்ட். தூக்கம் வரவழைக்கும் தலைப்புதான். ஆனால் அவர் சொன்னது புதுசு.

மின்சாரக் கம்பெனிக்கு இரண்டு செலவு. ஒன்று, நிலக்கரி. எவ்வளவு யூனிட்டோ அவ்வளவு எரியும். இன்னொன்று, தயாராக இருப்பதற்கான செலவு. நீங்கள் எப்போது சுவிட்சைப் போட்டாலும் கரண்ட் வரவேண்டுமென்றால் ஜெனரேட்டரும் கம்பியும் ஆளும் எந்நேரமும் காத்திருக்க வேண்டும். கல்யாண மண்டபம் மாதிரி. ஆயிரம் பேர் சாப்பிடும் ஹாலைப் பிடித்தாகிவிட்டது. நூறு பேர்தான் வந்தார்கள் என்றால் இலை மிச்சமாகும், வாடகை மிச்சமாகுமா? ஆகவே, எவ்வளவு செலவழித்தாய் என்பதற்கு ஒரு கட்டணம், அதிகபட்சம் எவ்வளவு கேட்பாய் என்பதற்கு இன்னொரு கட்டணம் என்றார் ஹாப்கின்சன். நம்ம ஊர் மில்காரர்கள் மாதாமாதம் ஒரு கே.வி.ஏ.வுக்கு இவ்வளவு என்று கட்டி அலுத்துக்கொள்கிறார்களே, அந்த டிமாண்ட் சார்ஜின் பூர்வீகம் இதுதான்.

(பாவம், ஹாப்கின்சன். மலையேறுவதில் பைத்தியம். 1898 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்து ஆல்ப்ஸில் ஏறப்போனவர் விழுந்து இறந்தார். கூடவே ஒரு மகன், இரண்டு மகள்கள்.)

சரி, ஒருத்தர் அதிகபட்சம் எவ்வளவு கேட்டார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிரைட்டன் நகர மின்சார நிலையத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆர்தர் ரைட் ஒரு கருவி செய்தார். வளைந்த கண்ணாடிக் குழாய், உள்ளே திரவம். கரண்ட் பாய்ந்தால் சூடு, சூட்டில் காற்று விரியும், திரவம் வழிந்து பக்கத்துக் குழாயில் விழும். விழுந்தது திரும்பாது. மாதக் கடைசியில் ஆள் வந்து அளவைக் குறித்துக்கொண்டு, பழையபடி கவிழ்த்துவிட்டுப் போவார். இவ்வளவுதான் டெக்னாலஜி.

1894-ல் அமெரிக்காவிலிருந்து பிரைட்டனுக்கு ஒருத்தர் வந்தார். சாமுவேல் இன்சல். லண்டனில் பிறந்து எடிசனின் செக்ரட்டரியாக இருந்து, சிகாகோ எடிசன் கம்பெனியின் தலைவரானவர். ரைட்டின் கணக்கைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. ராத்திரி இரண்டு மணி நேரம் விளக்குப் போடும் கடைக்காரரைவிட, நாள் முழுக்க கரண்ட் இழுக்கும் டிராம் கம்பெனிதான் லாபமான வாடிக்கையாளர். அவனுக்கு யூனிட் விலையைத் தாராளமாகக் குறைக்கலாம். குறைத்தார். சாம்ராஜ்யம் கட்டினார். 1932-ல் அது சரிந்தது தனிக்கதை. 'பெரிய ஆளுக்குச் சலுகை விலை' என்பதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது என்று உலகத்துக்குக் காட்டியவர் அவர்தான்.

இதற்கிடையில் பிரிட்டனில் கம்பி நீண்டது. 1926-ல் சட்டம் போட்டு, 132 கிலோவோல்ட்டில் நாடு முழுக்க கிரிட் கட்டினார்கள். அப்புறம் 275. அறுபதுகளில் 400. ராட்சச ஆலைகள் சில, தெருக்கம்பம் பக்கமே போகாமல் நேராக இந்தப் பெரிய டவர்களிலிருந்தே கரண்ட் எடுத்தன. உள்ளூர்க் கம்பிக்கு அவர்கள் காசு தரவேண்டாம், நியாயம்தான். ஆனால் பெரிய டவருக்கு?

1990-ல் மின்சாரத்தைத் தனியாருக்குக் கொடுத்தார்கள். கிரிட் தனிக் கம்பெனி ஆனது. அப்போது வந்ததுதான் 'ட்ரையட்'. நவம்பர் முதல் பிப்ரவரிவரை நாட்டின் மின்தேவை உச்சத்துக்குப் போகும் மூன்று அரை மணி நேரங்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே குறைந்தது பத்து நாள் இடைவெளி. அந்த மூன்றிலும் நீ எவ்வளவு இழுத்தாய்? சராசரி எடு. அதுதான் வருஷக் கட்டணத்துக்கு அளவுகோல்.

2018 வாக்கில் சில பகுதிகளில் கிலோவாட்டுக்கு ஐம்பது பவுண்டைத் தாண்டியது ரேட். 20 மெகாவாட் ஆலை என்றால் பத்து லட்சம் பவுண்ட்! ஒன்றரை மணி நேரம் விளக்கணைத்தால் அத்தனையும் மிச்சம். சும்மா இருப்பார்களா? 'இன்று ட்ரையட் வரலாம், ஜாக்கிரதை' என்று எச்சரிக்கை அனுப்புவதற்கே கம்பெனிகள் முளைத்தன. சிலர் டீசல் ஜெனரேட்டரை இறக்கினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், உலை அணைந்ததால் டவர் ஒன்றும் குட்டையாகிவிடவில்லை. எப்போதோ கட்டிய டவர், எப்போதோ வாங்கிய கடன். மொத்தத் தொகை அப்படியேதான் இருந்தது. தப்பித்தவர் பங்கை யாராவது கட்டத்தானே வேண்டும்? அணைக்க முடியாதவர்கள் கட்டினார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிள்ளைகளுக்குச் சமைக்கிற வீடுகளும் அதில் சேர்த்தி. ஹாப்கின்சனின் கணக்கு வருங்காலச் செலவைக் குறைக்க நல்ல ஆயுதம். ஏற்கெனவே ஆன செலவைப் பங்குபோட, என் பார்வையில், மோசமான தராசு.

ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் 2019-ல் முடிவெடுத்தது. 2023 ஏப்ரலிலிருந்து இந்தத் தொகையின் பெரும்பகுதி நிலையான கட்டணம். உயர் அழுத்த ஆலைகளை அளவுப்படி நான்கு பட்டையாகப் பிரித்தார்கள். அணைத்தாலும் அதே காசு, எரித்தாலும் அதே காசு. ட்ரையட்டின் மிச்சசொச்சம், இடத்துக்கு இடம் மாறும் சின்னப் பகுதியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வீடுகளுக்கு நிம்மதியா? அவர்களுக்கும் நிலையான கட்டணம்தான். ஒற்றை பல்பு போட்டுக்கொண்டு போர்வைக்குள் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் பத்து அறை பங்களாவுக்கும் தினசரி ஒரே தொகை. அதற்கு இப்போது தனிச் சண்டை.

உலைக்காரர்கள் மட்டும் விடுவார்களா? போட்டி நாடுகளில் எங்களைப் போன்றவர்களுக்குக் கம்பிக் கட்டணம் குறைவு, ஆலையை மூடவேண்டியதுதான் என்றார்கள். 2024 ஏப்ரல் முதல், மின்சாரத்தை அதிகம் விழுங்கும் தொழில்களுக்கு அந்தக் கட்டணத்தில் 60 சதவீதத்தைத் திருப்பித் தர ஆரம்பித்தது அரசு. 2026 முதல் அதை 90 ஆக்குவதாக 2025-ல் அறிவித்தார்கள்.

திருப்பித் தரும் பணத்துக்காக மின்சாரம் விற்கும் கம்பெனிகளிடம் ஒரு தீர்வை வசூலிக்கிறார்கள். அவர்கள் அதை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்? மற்றவர்களின் பில்லில்தான்.